சால்வையில் கறுவா மணம்

றிஃப்னா என்ற அந்தப் பெண் சிலிசிலிப் பொலித்தீன் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, லத்தீப் வலது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். புத்தளத்துப் பாலாவி உப்பளங்களின் பக்கமிருந்து வீசும் காற்று காலையிலிருந்தே ஓயவில்லை. கதவை மூடினால் புழுக்கம். திறந்தால் தூசியும் உப்பும். அவர் அதைப் பாதியில் விட்டிருந்தார்.

பொலிஸில் சார்ஜண்டாக இருந்து இளைப்பாறிய பிறகு தன்னைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். நடந்தது வேறு. பொலிஸில் போய்ச் சொன்னால் எழுதுவார்கள், எழுதினால் ஊருக்குத் தெரியும். லத்தீபிடம் சொன்னால் அது லத்தீபோடு நின்றுவிடும். அதனால் பொலிஸுக்குக் கொண்டுபோக முடியாதவையெல்லாம் அவர் வாசலுக்கு வரத் தொடங்கின. சேவைக் காலத்தில் களவு போன சைக்கிளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் சொந்தக்காரன் சிரித்துக்கொண்டு போவான். இப்போது வருபவை குடும்பங்கள். கண்டுபிடித்துக் கொடுத்தாலும் ஒருவரும் சிரிப்பதில்லை.

பெண்ணுக்குப் பின்னால் மரியநாயகத்தின் தலை தெரிந்தது. சந்தியில் ஓட்டோ ஓட்டும் அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் களைப்பு என்ற ஒன்றை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை. லத்தீபைத் தேடி வருபவர்களைச் சந்தியில் வைத்தே ஏற்றிக்கொண்டு வருவார். வீடு வந்து சேருவதற்குள் குற்றவாளி யார் என்பதையும் முடிவு செய்துவிடுவார்.

"சேர், இந்தப் பிள்ளைக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கு."

"இண்டைக்கு ஏலாது மரியான். கால் மடங்குதில்ல."

"நீங்க நடக்க வேண்டாம் சேர். ஓட்டோ இருக்கு, நான் இருக்கிறன்."

லத்தீப் எண்ணெய்ப் போத்தலை மூடினார். பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்று உலர்ந்துபோன முகம். "இருங்க மகள்," என்று கதிரையைக் காட்டினார்.

"எங்கட ஊர் வடக்கில சிலாவத்துறை, மாமா. தொண்ணூறில, யுத்தத்தில முஸ்லிம்களை வெளியேத்தினப்ப வெளிக்கிட்ட ஆக்கள். இப்ப நுரைச்சோலைப் பக்கம் குடியேற்றத்தில இருக்கிறம்," என்றாள் றிஃப்னா. "என்ட மாப்பிள்ளை ஸியாத் என்னைத் தலாக் சொல்லப் போறார். வாற கிழமை அதுக்குக் காதி நீதிமன்றத்துக்கு, காதியார்ட்ட போறார். வாப்பாவ வரச் சொன்னன். வெக்கம் எண்டு வரல்ல. நான் தனிய வந்தன்."

"தலாக்குக்கு என்ன காரணம்?"

அவள் பையை அவர் பக்கம் தள்ளினாள். "இந்த மணம்."

உள்ளே இளநீலச் சால்வை ஒன்று இருந்தது. பையைத் திறந்ததும் கறுவாப்பட்டையின் சூடான இனிப்பு மணம் எழுந்தது. அதன் அடியில் மெலிதாகச் சந்தனம். மரியநாயகம் குனிந்து மூக்கை நீட்டினார்.

"கறுவாதான் சேர். வட்டிலப்பப் புடிங் மாதிரி."

"அஸ்மி மச்சான்ட அத்தர்," என்றாள் றிஃப்னா. "ஸியாத்துட மாமா மகன். மதுரங்குளியில கடை வச்சிருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போற ஆக்களை அவர்தான் தன்ட வேன்ல ஏத்திக்கொண்டு போறார். எங்கட காணி காடு பத்திக் கிடக்கு. இப்ப போய் வெட்டித் துப்புரவாக்காட்டி அது கையை விட்டுப் போயிரும். அதான் வேன்ல இடம் கேட்கிறதுக்கு வியாழக்கிழமை கடைக்குப் போனன். அவர்ட பொஞ்சாதியும் அங்க இருந்தா. மூண்டு பேரும் நிண்டுதான் கதைச்சம். வீட்ட வந்து சால்வையை மடிச்சு அலுமாரியில வச்சன். மற்ற நாள் வெள்ளிக்கிழமை, ஸியாத் ஜும்மாக்குப் போகச் சேட் எடுக்க அலுமாரியைத் திறந்தார். மணம் அடிச்சிச்சாம். அவ்வளவுதான். பின்னேரம் நான் வாப்பா வீட்ட."

"உங்களிட்ட என்ன கேட்டார்?"

"ஒண்டும் கேட்கல்ல."

லத்தீப் சால்வையை விரித்தார். இங்கொன்றும் அங்கொன்றுமாக எண்ணெய் கோத்த பழுப்புக் கறைகள். சில பெரிது, சில வெறும் நிழல். அவர் அவற்றை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சால்வையை அவளிடமே கொடுத்தார்.

"நீங்க எப்பவும் மடிக்கிற மாதிரி மடிங்க மகள்."

அவள் மடித்தாள். பாதி, அதில் பாதி, பிறகும் ஒரு பாதி. மேல் மடிப்பில் பெரிய கறை வந்து நின்றது. லத்தீப் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் கறை. கீழே போகப் போகச் சிறியது. சால்வையைப் பையில் வைத்துக் கட்டினார்.

"அந்த ரெண்டு நாளும் வீட்டில யார் யார் இருந்தது?"

"அவர், அவர்ட ராத்தா ஸஹ்னா, படுக்கையில கிடக்கிற மாமி, நான். வேற ஒருத்தரும் வரல்ல."

லத்தீப் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். முழங்கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"ஓட்டோவை எடுங்க மரியான்."

*

நுரைச்சோலை வீதியில் வெங்காயத் தோட்டங்களுக்கு மேலாக மணல் பறந்துகொண்டிருந்தது. றிஃப்னாவை அவள் தந்தையின் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு மரியநாயகம் தலையைத் திருப்பினார்.

"அந்த அஸ்மிதான் சேர். வேண்டுமெண்டே பூசி விட்டிருக்கிறான். பிள்ளை விவாகரத்தானா, தான் கட்டலாம் எண்டு."

"வீதியைப் பாருங்க மரியான்."

ஸியாத்தின் வீடு குடியேற்றத்தின் கடைசி வரிசையில் இருந்தது. தென்னங்கிடுகு வேலி, சீமெந்துச் சுவர், பூசி முடிக்காத முன்பக்கம். முப்பதைத் தாண்டிய ஸியாத் மரக்கறி லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் இடத்தில் வேலை செய்பவன். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். யார் என்று அறிந்ததும் முகத்தைச் சுளித்தான். ஆனால் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கதிரையை இழுத்துப் போட்டான்.

அவன் ராத்தா என்று கூப்பிடும் அக்கா ஸஹ்னா பிளேன்டீ கொண்டுவந்தாள். கணவனைக் கடலில் பறிகொடுத்து, அதன்பின் தம்பியோடு தங்கிவிட்டவள். நாற்பது வயதுதான் இருக்கும். ஆனால் நடை அறுபது வயதுக்காரியுடையது. தேநீர்க் கோப்பையை அவள் வைக்கும்போது லத்தீப் அவள் விரல்களைக் கண்டார். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் சிவந்து, தோல் உரிந்து கிடந்தன.

"கை என்ன மகள்?"

"சவக்காரம். நாள் முழுக்க உம்மாட துணி துவைக்கிறது," என்றாள் அவள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. பாரிசவாதம் வந்து படுத்த தாய் மர்ளியா கட்டிலில் கிடந்தார். பேச்சு போய்விட்டது, தொண்டையிலிருந்து வரும் ஓசை மட்டும்தான். விரிப்பு கசங்காமல் இருந்தது. தலை வாரிப் பின்னப்பட்டிருந்தது. இத்தனை நாள் படுத்திருப்பவரின் அறையில் இருக்க வேண்டிய நாற்றம் இல்லை. அது இல்லாமலிருக்க ஓர் ஆள் எவ்வளவு குனிந்து நிமிர வேண்டும் என்று லத்தீபுக்குத் தெரியும்.

"அலுமாரியைத் திறந்த உடனே என்ன மணம் வந்திச்சு?" என்று அவர் ஸியாத்தைக் கேட்டார்.

"காரமா ஒரு மணம். கண் எரிஞ்சிச்சு. என்ன மணம் எண்டு எனக்குப் பிடிபடல்ல. ராத்தாவைக் கூப்பிட்டன். அவ மணந்து பார்த்திட்டுத்தான் சொன்னா, இது இஞ்சி போட்ட அத்தர், அஸ்மி பூசுறது எண்டு. அப்ப நான் நம்பல்ல. பிறகு சால்வையை விரிச்சு வெளியில போட்டன். ஜும்மாவால வந்து மணந்தா அஸ்மிதான். அவன் பக்கத்தில நிண்ட மாதிரியே இருந்திச்சு."

"அஸ்மியை உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

"ஒண்டா வளர்ந்த ஆக்கள். அவன்ட வேன்ல எத்தனை பயணம் போயிருப்பன்."

லத்தீப் ஸஹ்னாவின் பக்கம் திரும்பினார். "நீங்க அவரோட பழக்கமா மகள்?"

"நான் எங்க வெளியில போறன்? இந்த வாசலைத் தாண்டி நாளாச்சு. எப்பவாவது அவர் இங்க வந்தாக் காணுறதுதான்."

"வீட்டில அத்தர், சென்ட் எண்டு ஏதாவது பாவிக்கிறதா?"

"இல்ல," என்றாள் அவள் உடனே. "உம்மாக்கு மணம் ஒத்துக்காது."

உள்ளேயிருந்து ஓர் ஓசை வந்தது. ஸஹ்னா எழும்பிப் போனாள். சென்றவள் தாயைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டு, தலையணையைச் சரிசெய்து வரும்வரை ஸியாத் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். லத்தீப் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். அது ஆறிப்போயிருந்தது.

*

மறுநாள் காலையில் மதுரங்குளிச் சந்தியில் இறங்கி, அத்தர் விற்கும் அஸ்மியின் கடை எது என்று மரியநாயகம் ஒருவரிடம் கேட்டார். "கறுவா அஸ்மியா?" என்று அந்த மனிதர் கை நீட்டிக் காட்டினார்.

தொப்பியும் தஸ்பீஹும் தொழுகைப் பாயும் தொங்கும் சின்னக் கடை. அஸ்மி அடர்ந்த தாடி வைத்த, உரத்துப் பேசுகிற மனிதன். ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தபோதே கறுவா மணம் லத்தீபைச் சூழ்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"அல்லாஹ் அறிய, சேர், அந்தப் பிள்ளை என்ட தங்கச்சி மாதிரி. என்ட பொஞ்சாதி இந்த மேசையிலதான் இருந்தா. ஸியாத் என்னை வந்து ஒரு அறை அறைஞ்சிருந்தாலும் பரவால்ல. ஃபோனையும் எடுக்கிறான் இல்ல."

"இந்த அத்தரை யார் யாருக்கு வித்திருக்கிறீங்க?"

"ஒருத்தருக்கும் இல்ல. ஜித்தாவில அத்தர்க் கடையில வேலை செஞ்ச காலத்தில படிச்சது. எனக்கெண்டு மட்டும் கலக்கிறது. பொறுங்க, காட்டுறன்."

மேசை லாச்சியை இழுத்து அவன் விரலளவு குப்பி ஒன்றை எடுத்தான். மூடியைத் திறந்ததும் லத்தீப் தன்னையறியாமல் முகத்தைப் பின்னால் இழுத்தார். பச்சை இஞ்சியைக் கல்லில் வைத்துத் தட்டிய மாதிரி ஒரு காரம், மூக்கின் உள்ளே ஏறிக் கண்ணைத் தொட்டது.

"இது வேற அத்தரா?"

"அதேதான் சேர்," என்று அஸ்மி சிரித்தான். "குப்பியில இருக்கக்குள்ள இஞ்சிதான் முன்னுக்கு நிக்கும். மேல்ல, உடம்பில பட்டா இஞ்சி நிக்காது. நான் குளிச்சிட்டுப் பூசுறது. இஞ்சி வீட்டோட போயிரும். கடைக்கு வாறது கறுவா. பின்னேரம் சந்தனம் மட்டும்தான். ஊருக்கு என்னைக் கறுவா அஸ்மி எண்டுதான் தெரியும். உள்ளுக்கு இஞ்சி இருக்கெண்டு என்ட பொஞ்சாதிக்குத்தான் தெரியும்."

லத்தீப் கையை நீட்டினார். அஸ்மி கண்ணாடிக் குச்சி ஒன்றால் ஒரு துளி எடுத்தான். "விரலால தொடாதீங்க சேர். கறுவாப்பட்டை எண்ணெய் தோலைச் சுடும். எனக்குப் பழகிப் போச்சு. உங்களுக்குச் சிவக்கும்."

லத்தீபின் மணிக்கட்டில் ஒரு துளி. மரியநாயகமும் ஆவலோடு கையை நீட்டினார், அவருக்கும் ஒன்று. பிறகு லத்தீப் தன் கைக்குட்டையை மடித்து நீட்டினார். "இதிலயும் ஒண்டு விடுங்க."

போகத் திரும்பியவர் நின்றார். "விக்கல்ல சரி. சும்மா யாருக்காவது குடுத்தீங்களா?"

அஸ்மி யோசித்தான். "ஒரே ஒரு குப்பி. மர்ளியா மாமியை நோய் பார்க்கப் போனன். போன மாசம். ஸியாத்தும் றிஃப்னாவும் வெளியில போயிருந்தாங்க. ஸஹ்னா மச்சி கிணத்தடியில. மாமி நித்திரை. நோயாளிட அறைக்கு நல்லது எண்டு தலைமாட்டில வச்சிட்டு வந்தன். யார் எடுத்ததெண்டு எனக்குத் தெரியாது."

ஓட்டோ புத்தளம் வீதியில் ஏறியது. லத்தீப் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முதலில் இஞ்சியின் கூர்மை, வெட்டிய கணத்தில் இருப்பது போல. சந்தியின் கடைகள் முடிவதற்குள் அது தளர்ந்துவிட்டது. மரியநாயகத்தின் வியர்த்த கையில் அதற்கும் முன்பே போய்விட்டது. அதன் இடத்தில் கறுவா மெல்ல எழும்பியது. இனிப்பும் சூடும் கலந்தது. மணமாக மட்டுமல்லாமல் தோலின் மேல் வெப்பமாகவே உணரக்கூடியது. துளி விழுந்த இடம் சிவந்து அரித்தது. உடம்பின் சூடு அந்த எண்ணெயை அடுக்கடுக்காக உரித்துக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தோன்றியது. நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்தபோது அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் மணம் போகவில்லை. கறுவா தணிந்து, தோலோடு ஒட்டிய சந்தனம் மட்டும் மிஞ்சியது. மூக்கைக் கொண்டுபோய் வைத்தால்தான் தெரியும்.

திரும்பவும் ஓட்டோவில் ஏறி, சேட் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து முகர்ந்தார். பிறகு அதைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு கண்களை மூடினார். இனிச் செய்ய வேண்டியதை நினைத்தபோது அவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போல இருந்தது.

"ஸியாத்தான் சேர்!" என்றார் மரியநாயகம். "வேற கலியாணம் பேசுறான் போல. குப்பியை எடுத்துத் தானே ஊத்திட்டு, தானே கத்தியிருக்கிறான்."

"றிஃப்னாவை ஏத்திக்கொண்டு போவம்," என்றார் லத்தீப்.

*

மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம் அவர்கள் ஸியாத்தின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். றிஃப்னா உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். ஸியாத் அவளைப் பார்க்கவில்லை. ஸஹ்னா தாயின் அறை வாசலில், கட்டில் தெரியும்படி உட்கார்ந்தாள். தாய் கண் திறந்திருந்தார்.

லத்தீப் பையிலிருந்து சால்வையை எடுத்து மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தார்.

"ஸியாத், இதைப் பாருங்க. ஒரு ஆள் இன்னொரு ஆளோட உரசினா சால்வையில எப்படிக் கறை பிடிக்கும்? போட்டிருக்கிற நேரம் வெளியில தெரியிற பக்கத்தில ஒரு இடத்தில பிடிக்கும். இது மடிச்சு வச்ச பிறகு மேலால விட்ட எண்ணெய். எல்லா மடிப்பிலயும் ஒரே இடத்தில ஊறி இறங்கியிருக்கு. மேல பெரிசு, கீழ சின்னன். விரிச்சாத்தான் அங்கயும் இங்கயும் பட்ட மாதிரித் தெரியுது. அலுமாரிக்குள்ள மடிச்சுக் கிடந்த சால்வையில இந்த வீட்டு ஆள் ஒருத்தர் அத்தரை விட்டிருக்கிறார்."

ஸியாத் மடிப்புகளைத் தூக்கிப் பார்த்தான். ஒன்று, இன்னொன்று. அவன் கை மெதுவாகியது.

"இப்ப என்ட கையை மணந்து பாருங்க. காலையில அஸ்மி பூசிவிட்டது."

அவன் குனிந்தான். "சந்தனம்."

"மரியான்ட கை?"

"அதே."

"இந்தக் கைக்குட்டை? அதே குப்பி, அதே நேரம்."

கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோன ஸியாத் சட்டென்று தலையைத் தூக்கினான். "இது... அண்டைக்கு அலுமாரியில அடிச்ச மணம்."

"ஓம். இஞ்சி. மேல்ல பட்டா இஞ்சி பறந்திரும். மடிச்ச துணிக்குள்ள கிடந்தா நிண்டு பிடிக்கும். வியாழக்கிழமை அஸ்மிட மேல்ல இருந்து றிஃப்னாட சால்வைக்கு ஏதாவது வந்திருந்தா, அது கறுவாவா வந்திருக்கும், இல்லாட்டிச் சந்தனமா வந்திருக்கும். இஞ்சியா வரவே ஏலாது. நீங்க மணந்தது ஒரு மனுஷன்ட மணமில்ல. குப்பிட மணம்."

மரியநாயகம் தன் மணிக்கட்டையும் கைக்குட்டையையும் மாறி மாறி முகர்ந்துகொண்டார்.

"அஸ்மி ஒரு குப்பியை உங்கட உம்மாட தலைமாட்டில வச்சிட்டுப் போயிருக்கிறார். அதை யார் எடுத்தது?" லத்தீப் காலை நீட்டிக்கொண்டார். முழங்கால் வலித்தது. "அஸ்மியோட ஒண்டா வளர்ந்த உங்களுக்கு அலுமாரியைத் திறந்த உடனே அந்த மணம் பிடிபடல்ல. கறுவா எழும்பின பிறகுதான் அஸ்மி எண்டு கண்டீங்க. அதுதான் நியாயம். ஊரெல்லாம் அவரைக் கறுவா எண்டுதான் அறியும். இது இஞ்சி, இது அஸ்மிட அத்தர் எண்டு இரண்டையும் ஒரே மூச்சில சொல்ல வேணுமெண்டா குப்பியைத் திறந்து மணந்திருக்க வேணும். நீங்க குப்பியைக் கண்டதில்ல. கண்டிருந்தா அப்படித் தடுமாறியிருக்க மாட்டீங்க. றிஃப்னா தன்ட குடும்பத்தைத் தானே கெடுக்க மாட்டா. உம்மாவால எழும்ப ஏலாது."

அவர் தன் கையைத் திருப்பி, சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். "கறுவா எண்ணெய் சுடும். எனக்கு ஒரு துளிக்கே இப்படி. துணியில விட்டு விரலால அழுத்தித் தேய்ச்ச ஆளுக்குத் தோல் உரியும்."

காற்று வேலிக் கிடுகுகளை அடித்துக்கொண்டிருந்தது.

"குப்பி எங்க மகள்?" என்றார் லத்தீப், குரலை உயர்த்தாமல்.

ஸஹ்னா எழும்பி உள்ளே போனாள். தாயின் தலையணை உறைக்குள் கைவிட்டு, பாதி தீர்ந்த குப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். திரும்பவும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவளின் சோர்வுதான் இருந்தது.

"ராத்தா..." என்றான் ஸியாத்.

"தலாக் வரைக்கும் போகும் எண்டு நினைக்கல்ல," என்றாள் அவள். "ஒரு சண்டை வரும், பயணம் நிண்டிரும் எண்டுதான் நினைச்சன். காணி வெட்டுறதப் பத்தி ரெண்டு பேரும் ராவு ராவாக் கதைக்கிறீங்க. எந்த இடத்தில வீடு, எந்த இடத்தில கிணறு. உம்மாவை வேன்ல கொண்டுபோக ஏலாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். அப்ப உம்மாவோட யார்? ராத்தா இருக்கிறாதானே எண்டு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு தம்பி. ராத்தாட்ட நீ கேட்கல்ல. வீட்டில ஒரு கதிரை இருக்குதெண்டு சொல்ற மாதிரிச் சொன்னாய்." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "நான் உம்மாவை வெறுக்கல்ல. எனக்கு ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

அறைக்குள் மர்ளியாவின் கண்களிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. அவர் எவ்வளவு நாளாக எவ்வளவு அறிந்திருந்தார் என்பதைக் கேட்க வழியில்லை.

ஸியாத் எழும்பி நின்றான். கோபம் யார் மேல் திரும்ப வேண்டும் என்று அறியாத நிலை. ராத்தாவைப் பார்த்தான், பிறகு முதல் தடவையாகக் கதவு நிலையில் நின்ற மனைவியைப் பார்த்தான். "றிஃப்னா, நான் காதியார்ட்டப் போய்ச் சொல்லிப்போடுறன். நீ வீட்ட வா."

றிஃப்னா அசையவில்லை.

"மதினி செஞ்சது எனக்கு விளங்குது," என்றாள். "மன்னிச்சிட்டன் எண்டு சொல்லல்ல. அது பிறகு பார்ப்பம். ஆனா விளங்குது. உங்கட கதைதான் விளங்கல்ல. ஒரு துணியை அத்தனை தடவை மணந்து பார்த்தீங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்கல்ல."

ஸியாத் மேசையிலிருந்த சால்வையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"நான் வாப்பா வீட்டதான் இருக்கப் போறன். மதினியும் என்னோட வாறா."

"நானா?" என்றாள் ஸஹ்னா.

"கை புண்ணாக் கிடக்கு. தண்ணி படாம இருந்தாத்தான் ஆறும்." அவள் கணவனிடம் திரும்பினாள். "நோன்பு பிறக்கிற வரைக்கும் உம்மாவை நீங்க பாருங்க. குளிப்பாட்டுறதுக்குப் பக்கத்து வீட்டுப் பொம்பிளையை வரச் சொல்றன். சாப்பாடு வாயில தீத்துறது, புரட்டுறது, துணி துவைக்கிறது எல்லாம் நீங்க. அதுக்குப் பிறகு சிலாவத்துறைக்கு யார் போறது, யார் நிக்கிறது எண்டு எல்லாரும் இருந்து கதைப்பம். மாமியையும் வச்சுக்கொண்டு. அவவுக்குத் தலையாட்ட ஏலும்."

ஸஹ்னா புறப்பட நீண்ட நேரம் எடுத்தது. மாத்திரைகள் இருக்கும் இடத்தைக் காட்டினாள், கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும் என்று சொன்னாள், திரும்பவும் உள்ளே போய்த் தாயின் காலை மூடிவிட்டாள். லத்தீப் வெளியே வந்து ஓட்டோவின் முன் ஆசனத்தில், மரியநாயகத்தின் பக்கத்தில் நெருங்கி ஏறிக்கொண்டார். பின்னால் இரண்டு பெண்களும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

"நான் ராத்தாவை நினைக்கவே இல்ல சேர்," என்றார் மரியநாயகம் தணிந்த குரலில். முதல் தடவையாக அவரும் களைத்தவர் போலத் தெரிந்தார்.

"நினைக்காம இருந்ததுதான் இந்த வீட்டிலயும் பிழை," என்றார் லத்தீப். "எடுங்க, போவம்."

மரியநாயகம் ஓட்டோவை ஸ்டார்ட் செய்தபோது வீட்டுக்குள்ளிருந்து அந்த ஓசை வந்தது. ஸஹ்னாவின் கால் தானாகவே கீழே இறங்கியது. றிஃப்னா எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள். ஓசை மறுபடியும் வந்தது. பிறகு வெறுங்காலோடு ஸியாத் வாசலுக்கு ஓடிவந்தான்.

"ராத்தா, உம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறது?"

ஸஹ்னா அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"கதவுப் பக்கம்," என்றாள். "யாராவது வாறதப் பார்த்துக்கொண்டு கிடக்க அவவுக்கு விருப்பம்."